‘முதலாளி’ என்று கூப்பிட்ட வழக்கு

பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த பழைய கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் இரண்டு இளம் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கேஸ் விஷயம் இல்லை. ஜட்ஜை ‘யுவர் ஆனர்’ என்று சொல்ல வேண்டுமா, ‘சார்’ என்றால் போதாதா என்பதுதான் சண்டை. என்னைத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், “மாணிக்கம் சேட்டனிடம் கேளுங்கள், இங்கே அவருக்குத் தெரியாதது இல்லை” என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“எப்படிக் கூப்பிட்டாலும் அதனால் ஒரு கேஸ் ஜெயிக்கவும் போவதில்லை, தோற்கவும் போவதில்லை மோளே” என்று அவர்களில் ஒருவரான பெண் வக்கீலிடம் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

ஆனால் படகுத்துறைப் பக்கம் நடந்து வரும்போது, நான் சொன்னது சரியில்லை என்று தோன்றியது. கூப்பிட்ட ஒரு சொல்லால் ஒரு கிழவியின் வீடே போக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ், அப்பா வாங்கும் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுபவராக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முன்சீப் கோர்ட்டில் பியூன் வேலை கிடைத்தது. கேஸ் கட்டு சுமப்பது, சேம்பர் வாசலில் நிற்பது, பெயர் கூப்பிடுவது, இவைதான் வேலை. கூப்பிடுவது என்றால், வழக்கு எடுக்கும்போது வாதியையும் பிரதிவாதியையும் சாட்சியையும் வாசலில் நின்று மூன்று முறை உரக்க அழைக்க வேண்டும். வராவிட்டால் அவர்கள் இல்லாமலே கேஸ் நடக்கும். அதனால் தொண்டை சரியாக இருக்க வேண்டும். பெயரும் சரியாக இருக்க வேண்டும்.

ஆபீசுக்குத் தலைவர் சிரஸ்தார் பௌலோஸ் சார். அவர் என்னைத் தயார் செய்தது இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது. “சேம்பருக்குள் சார். கோர்ட்டுக்குள் நீ பேசவே வேண்டாம். கூப்பிடும்போது பேர் மட்டும். டாக்டரும் வேண்டாம், ஹாஜியாரும் வேண்டாம், பாதிரி அச்சனும் வேண்டாம். பட்டத்தையெல்லாம் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், மனசிலாயோ?”

புரியத்தான் செய்தது. ஆனால் வாயில் வருமா? மலையாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘நிங்கள்’ என்று சொன்னால் மரியாதைதான் என்பார்கள். ஆனால் பெரியவர்களைப் பார்த்து அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அதனால் ‘சார்’ என்பதையே ‘நீங்கள்’ மாதிரி வைத்துப் பேசுவோம். “சார் எப்போ வந்து? சாருக்குச் சாயா வேணுமோ?” என்று, எதிரே நிற்பவரிடமே. அப்படிப் பழகிய நாக்குக்கு ஒரு பெரிய மனிதரை வெறும் பெயர் சொல்லி ஊர் கேட்கக் கூவுவது லேசில் வராது.

சேர்ந்து கொஞ்ச நாளில் அதற்குச் சோதனை வந்தது. திருப்பூணித்துறையிலிருந்து பழைய ராஜ குடும்பத்துக்காரர் ஒருவர், எண்பது வயதிருக்கும், ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி சொல்ல வந்திருந்தார். அவர் காரிலிருந்து இறங்கியதும் வராந்தா முழுதும் எழுந்து நின்றது. தம்புரானே என்று கும்பிட்டார்கள். நான் பட்டியலோடு வாசலில் நிற்கிறேன். பௌலோஸ் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு வெறும் பெயரைக் கூவினேன். அவர் பேரன் ஒருவன் என்னை அடிக்க வருகிற மாதிரி ஓரடி எடுத்து வைத்தான். கிழவரோ கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, மெல்ல நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நன்னாயி விளிச்சு” என்றார். நன்றாகக் கூப்பிட்டாய் என்று. “என் பேரை இவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறந்துபோயிருந்தேன்.”

பேரனின் முகத்தைப் பார்க்காமல் அவர் உள்ளே போனார். அன்றைக்குப் போன பயம் பிறகு திரும்பி வரவில்லை. வைப்பின் தீவு மீன்காரனையும், கிடங்கு முதலாளியையும், எஸ்டேட் சொந்தக்காரரையும் ஒரே தொண்டையில் கூப்பிட்டேன். அந்தத் தம்புரானுக்கு நான் கடமைப்பட்டவன்.

எழுபதுகள் முடியும் சமயம் எங்களுக்கு ஒரு பெண் முன்சீப் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பெயர் சௌதாமினி. எங்கள் கோர்ட்டுக்கு முதல் பெண். ஆர்டர் வந்த அன்றே வக்கீல்கள் அறையில் விவாதம் தொடங்கிவிட்டது. எப்படிக் கூப்பிடுவது? ‘மேடம்’ என்றால் பள்ளிக்கூடம் போல இருக்கிறது என்றார் ஒருவர். ‘அம்மா’ என்றால் வீடு போல ஆகிவிடும் என்றார் இன்னொருவர். பெரிய வக்கீல் என்று எல்லோரும் சொல்கிற சீனியர் ஒருவர் உண்டு. அவர், “முப்பது வருஷமாக ஸார் என்று சொன்ன வாய். இனி எனக்குப் பழகாது” என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. மேடம் முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் பெரிய வக்கீல் எழுந்து, “ஸார்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, “மேடம்...” என்று மாற்றி, கடைசியில் “யுவர் ஆனர்” என்று போய்ச் சேர்ந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மேடம் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “எனக்கு முன்னால் இருந்தவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடலாம். வாய் தவறினால் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். சொல்லுங்கள், வழக்கு என்ன?” என்றார். அத்தோடு அந்த விவாதம் தீர்ந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் எர்ணாகுளத்திலிருந்து படகில் வருவார். சேம்பரில் ஒரு கிளாஸ் சீரகத் தண்ணீர் குடிப்பார். பிறகு அன்றைய சாட்சிகளின் பெயர்களை உதடு அசைய ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று எல்லாப் பெயரும் வருகிற ஊர் இது. சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

“மாணிக்கம், இந்தப் பெயரை அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?”

தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் வராந்தாவில் போய் அந்த ஆளையே கேட்டுவிட்டு வருவேன். எனக்கு அதற்கு முன் வந்த முன்சீப்புகளிடம் குறை இல்லை, நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு நான் மேஜை மணி. அடித்தால் போவேன். இவர் மணியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வாசல் பக்கம் திரும்பி “மாணிக்கம்” என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், முதல் வாரம் நான் வீட்டில் போய் என் மனைவியிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அவர் வந்த மறு வருஷம் பேச்சியம்மாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது.

பேச்சியம்மா சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர். அறுபது தாண்டியிருக்கும். பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்தக் கிடங்கைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், முட்டி வலி வந்து நிறுத்திவிட்டார். உடனே கிடங்குக்காரர் வழக்குப் போட்டார்: ‘இவள் என் வேலைக்காரி. வேலையோடு சேர்த்துத்தான் அறை கொடுத்தேன். வேலை இல்லை என்றால் அறையும் இல்லை, காலி செய்து தர வேண்டும்.’

பேச்சியம்மாவின் தரப்பு வேறு. புருஷன் உயிரோடு இருந்தபோது, கிடங்குக்காரரின் அப்பாவிடம் அந்த அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். பெருக்கும் வேலை பல வருஷம் கழித்துத்தான் வந்தது. வாடகைக்கு இருப்பவர் என்றால் சட்டம் காப்பாற்றும். வேலைக்காரி என்றால் தெருதான். ரசீது எதுவும் கிடையாது. பழைய முதலாளியும் உயிரோடு இல்லை. பேச்சியம்மாவின் வாய்மொழி ஒன்றுதான் சாட்சி. அவருக்காக ஹமீது என்ற இளம் வக்கீல் பீஸ் வாங்காமல் ஆஜரானார். எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல்.

பேச்சியம்மாவுக்கு மலையாளம் சந்தைக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் மேடம் என்னைப் பார்த்தார். இரண்டு வக்கீல்களையும் கேட்டார். ஆட்சேபம் இல்லை என்றார்கள். கேட்டதைக் கேட்டபடி, சொன்னதைச் சொன்னபடி மாற்றித் தருவேன் என்று எனக்கும் சத்தியம் வாங்கினார்கள். பெயர் கூப்பிட்டுப் பழகியவன் முதல் முறையாக உள்ளே நின்று பேசப்போகிறேன்.

நானே அவர் பெயரைக் கூப்பிட்டேன். பேச்சியம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கூண்டில் ஏறாமல் அதன் பக்கத்தில் தரையில் உட்காரப் போனார். எழுப்பி ஏற்றினேன். மேடத்தைப் பார்த்துக் கைகூப்பி, “ஐயா, நல்லா இருக்கணும் ஐயா” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“நன்றாக இருக்க வேண்டும் என்கிறார். ஆனால்... ஐயா என்கிறார்.”

“இருக்கட்டும். அது இந்த நாற்காலிக்குச் சொல்வது” என்றார் மேடம். “முட்டி வலி என்று கேள்விப்பட்டேன். ஒரு ஸ்டூல் போடுங்கள்.”

ஹமீது வக்கீலின் விசாரணை நன்றாகவே போனது. அறைக்கு வந்தபோது புருஷன் வேறொரு வியாபாரியிடம் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தார், மாதம் பிறந்ததும் வாடகையைக் கொண்டுபோய் பெரிய முதலாளி கையில் கொடுப்பார் என்று பேச்சியம்மா தெளிவாகச் சொன்னார். பிறகு பெரிய வக்கீல் எழுந்தார்.

அவர் கேட்டது மலையாளத்தில். முதல் கேள்வியே, “நீ எத்தனை வருஷம் கிடங்கு பெருக்கினாய்?” என்பது. ‘நீ’. அந்த அம்மா வயதில் அவரைவிட மூத்தவர். நான் தமிழில் மாற்ற வாயைத் திறந்தேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“வக்கீல் சார், சாட்சி நம் இரண்டு பேரையும்விடப் பெரியவர்.”

“பழக்கதோஷம், யுவர் ஆனர். இவர்களுக்கு அப்படிக் கேட்டால்தான் புரியும்.”

“உங்கள் கேள்வி உங்கள் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. தமிழில் போகும்போது இது கோர்ட்டின் குரல். மாணிக்கம், ‘நீங்கள்’ என்று கேளுங்கள்.”

பெரிய வக்கீலின் காது சிவந்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

நான் பேச்சியம்மா பக்கம் திரும்பி, “நீங்க எத்தனை வருசம் கிடங்கு பெருக்குனீங்க?” என்றேன்.

அவர் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரைக் கேட்கிறேன் என்று பார்த்தார். பின்னால் சுவர்தான். மறுபடி என்னைப் பார்த்தார். “உங்களத்தாம்மா” என்றேன். “என்னையா?” என்றார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றியது. பதில்கள் தெளிவாக வந்தன. அந்தச் சமயத்தில்தான் பெரிய வக்கீல் குரலைத் தணித்து, ரொம்ப சாதாரணமாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வாதியை என்னவென்று கூப்பிடுவது வழக்கம்?”

மாற்றிக் கேட்டேன். “மொதலாளின்னுதான்.”

“அவர் அப்பாவை?”

“பெரிய மொதலாளி.”

“வேலை செய்கிறவர்கள், வேலை கொடுக்கிறவரைத்தானே முதலாளி என்பார்கள்?”

“ஆமா, அப்படித்தான் சொல்லுவாக.”

“பெரியவரையும் அறைக்கு வந்த நாள் முதலே முதலாளி என்றுதான் கூப்பிட்டீர்கள்?”

“அன்னைக்கே அப்படித்தான் கூப்பிட்டோம், ஐயா.”

பெரிய வக்கீல் பெஞ்சைப் பார்த்தார். அவர் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வந்த நாளிலிருந்தே முதலாளி என்றால், வந்த நாளிலிருந்தே வேலைக்காரி. ஹமீது வக்கீலின் முகத்தில் ரத்தம் இல்லை.

முதலாளி என்ற சொல் தமிழிலும் அதுதான், மலையாளத்திலும் அதுதான். மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா எங்கள் அம்மாவைப் போல இருக்கிறார், என் அப்பாவும் இதே தெருவில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார். அது எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல எனக்கு வாய் இல்லை. சத்தியம் செய்திருக்கிறேன். “அன்றைக்கே முதலாளி என்றுதான் கூப்பிட்டோம் என்கிறார்” என்றேன். மேடம் எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுதி முடித்ததும் அவர் தலை நிமிர்ந்தார். “கோர்ட்டுக்கு ஒரு சந்தேகம். நான் சில கேள்விகள் கேட்கிறேன். பேச்சியம்மா, ரேஷன் கடைக்காரரை என்னவென்று கூப்பிடுவீர்கள்?”

“ரேசன்கட மொதலாளி.”

“சாயாக் கடைக்காரரை?”

“அவரும் மொதலாளிதான் ஐயா.”

“அவர்கள் உங்களுக்குக் கூலி கொடுக்கிறார்களா?”

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். “அவுக எங்கய்யா குடுப்பாக? சாயா குடிச்சிட்டு நாந்தான் குடுத்துட்டு வாறேன்.”

கோர்ட் முழுவதும் சிரித்தது. மேடம் கையை உயர்த்தியதும் அடங்கியது.

“அப்படியானால் கிடங்குக்காரரின் அப்பாவை ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள்?”

பேச்சியம்மா யோசித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “வேற எப்படி ஐயா கூப்பிட? நாங்க ஊரு விட்டு ஊரு வந்த சனம். கட போட்டவரு, வீடு வச்சிருக்கவரு எல்லாரும் எங்களுக்கு மொதலாளிதான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா குடியிருக்க விடுவாகளா?”

ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் மலையாளத்தில் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் என் குரல் தடுமாறியது. மேடம் காத்திருந்தார். மறுபடியும் சொன்னேன். எழுதிக்கொண்டார். “வக்கீல் சாருக்கு இதன் பேரில் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார்.

பெரிய வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர், எதைக் கேட்டாலும் குழி ஆழமாகும் என்று தெரிந்திருக்கும். “இல்லை, யுவர் ஆனர்” என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வாசித்த நாள் நல்ல மழை. வழக்கு தள்ளுபடி. வாடகைக்கு வந்தவர் என்பதை நம்புகிறேன், கைவண்டிக்காரரின் மனைவிக்கு வேலையோடு அறை கொடுத்தார்கள் என்பது பொருந்தவில்லை என்று மேடம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஏழைகள் மரியாதைக்காகச் சொல்லும் ஒரு சொல்லை அவர்கள் கழுத்துக்கே கயிறாக மாற்றக் கூடாது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் வாசித்ததை பௌலோஸ் சார் பிறகு எனக்கு விளக்கிச் சொன்னார். கிடங்குக்காரர் அப்பீல் போனார். அங்கும் இதே தீர்ப்பு நின்றது.

தீர்ப்பன்று மாலை பேச்சியம்மா வராந்தாத் தூணோரம் காத்திருந்தார். மேடம் வெளியே வந்தபோது காலில் விழப் போனார். மேடம் சட்டென்று பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் கட்சிக்காரர் ஒருவரைத் தொட்டது அன்றைக்குத்தான். “சட்டம் இருந்தது, கொடுத்தேன். என்னைக் கும்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள், மாணிக்கம்” என்றார். சொன்னேன். பேச்சியம்மா கேட்டுக்கொண்டார், ஆனாலும் கும்பிட்டார். மேடம் குடையை விரித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்.

அடுத்த வருஷம் அவருக்கு வடக்கே மாற்றலாயிற்று. போகும் முன் என்னைக் கூப்பிட்டு, டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதச் சொன்னார். “இங்கே நின்று மொழிபெயர்க்கத் தெரிந்தவர் வாசலிலேயே நிற்க வேண்டுமா?” என்றார். எழுதினேன், இரண்டாவது முறையில் தேறினேன். எண்பதுகளின் நடுவில் கிளார்க் ஆகி, ஓய்வு பெறும்போது பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். என் மகள் படித்ததும், பேத்திக்கு இன்று நான் பத்திரிகை அடிக்க முடிந்ததும் அந்த ஒரு பேச்சால் வந்தவை. மேடம் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பெரிய வக்கீலுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வழக்குக்குப் பிறகு அவர் எந்தச் சாட்சியையும் ‘நீ’ என்று கேட்டு நான் கேட்கவில்லை. தோற்ற இடத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

நான் கிளார்க் ஆன சமயம் ஒருநாள் பஜார் ரோட்டில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அதே அறைதான். வாசலில் உட்கார்ந்து சுக்கு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கிடங்குக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி உள்ளே போனார். “வாங்க மொதலாளி” என்றார் பேச்சியம்மா.

எனக்குத் தாங்கவில்லை. “ஏன்ம்மா, கோர்ட்டே சொல்லியாச்சே. இன்னும் எதுக்கு அவரை மொதலாளிங்கறீங்க?”

“இருக்கட்டும்ப்பா. நான் கூப்பிடுறதுல என்ன கெடக்கு?” சுக்கைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார். “முன்னெல்லாம் அவரு என்னய ‘ஏய்’ம்பாரு. இல்லாட்டி விசில் அடிப்பாரு. இப்ப ‘பேச்சியம்மா’ங்காரு. முழுப் பேரும் சொல்லுதாரு, பாத்துக்கோ.”